அஞ்சாம் நம்பர் மெஷினுக்கு ஒரு தாலாட்டு

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு நாலு வரி படித்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிடும். தெரியாதவர்களுக்குப் பெயர் எதற்கு? நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிடப் பதினைந்து வயது மூத்த கேட் செக்யூரிட்டியும் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார். அதற்கும் அவர் ஒரு பாட்டுப் போட்டு வைத்திருந்தார்.

கட்டிங் செக்‌ஷனில் தோல் வெட்டுவது அவர் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விடுவார்கள். பத்து நிமிஷத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டு தகரத்துக்கு அடியில் வந்து உட்கார்ந்துவிடுவார். மடியில் ஒரு பழைய கீபோர்டு. அதில் இரண்டு கட்டைகள் வேலை செய்யாது. அந்த இரண்டையும் தாண்டித் தாண்டி மெட்டுப் போட்டதால் அவர் பாட்டெல்லாம் தடுக்கி விழுந்து எழுந்து நடக்கிற மாதிரி இருக்கும். வார்த்தை வருவதற்கு முன்னாலேயே மெட்டைக் கேட்டு ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு சூப்பர்வைசர் குரலில் இரண்டு வார்த்தை பேசுவார், கம்பெனி பஸ் கியர் மாறுகிற சத்தம் போடுவார், மறுபடி பாட்டுக்குள் போய்விடுவார். அவருக்கு இரண்டும் ஒரே வேலைதான். காமெடி தனி, பாட்டு தனி என்று யாராவது சொன்னால் அவருக்குப் புரியாது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாரைப் பற்றிப் பாட்டுக் கட்டினாலும் முதலில் அந்த ஆளிடம்தான் பாடிக் காட்டுவார். கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் நிற்பார். "உங்களப் பத்தி ஒண்ணு இருக்குது. கேக்கறீங்களா?" என்பார். அந்த ஆள் சிரித்தால் பாட்டு சைக்கிள் ஸ்டாண்டுக்கு வரும். சிரிக்காவிட்டால் அத்தோடு சரி, பாட்டு செத்தது. சும்மா உதட்டை இழுத்துக் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார். "மடியில இருக்கற டிபன் பாக்ஸ் ஆடணும்மா, அதான் சிரிப்பு. வாயால சிரிக்கறது மரியாதைக்கு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அங்கே செக்கிங் வேலை. தைத்து வருகிற அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, திருப்பிப் பார்த்து, எங்கே தையல் கோணலோ எங்கே நூல் பிரிந்திருக்கிறதோ அந்த இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். வாய்க்கொழுப்பும் சேர்ந்ததால் தையல் மெஷின் லைனில் யாருக்கும் என்னைக் கண்டால் ஆகாது. அண்ணனிடம் மட்டும் ஒட்டிக்கொண்டேன். என்னிடம் நல்ல போன் இருந்தது. மெட்டு மறந்துவிடக் கூடாது என்று, அவர் பாட்டுக் கட்டும்போதே பதிவு செய்து வைப்பது என் வேலையாகிப் போனது. அப்படித்தான் அவர் பெயரில் சேனல் ஆரம்பித்தேன். வீடியோ வெட்டுவது, ஒட்டுவது, போடுவது எல்லாம் நான். செத்த பாட்டுகளும் என் போனில் இருந்தன. ஊருக்கே தெரியாதது எனக்கு மட்டும் தெரியும் என்று அதில் ஒரு பெருமை வேறு.

செத்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது மேனேஜர் பாட்டு. பாத்ரூம் போகிறவர்களுக்குக் கைக்கடிகாரம் பார்த்து நேரம் கணக்கிடுகிற ஒரு மேனேஜர் அப்போது இருந்தார். அவரைப் பற்றி அண்ணன் கட்டிய பாட்டைக் கேட்டு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அண்ணன் அந்தப் பாட்டோடு நேராக மேனேஜர் ரூமுக்கே போனார். கம்பெனியில் இப்படி ஒருத்தர் செய்வாரா? வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று நான் பயந்துகொண்டு வெளியே நின்றேன். ஐந்து நிமிஷம் கழித்து வெளியே வந்தார். மேனேஜர் திட்டவில்லையாம், முழுக்கக் கேட்டாராம், சிரிக்கவில்லையாம். "அப்ப வேணாம்" என்றார் அண்ணன். அவர் முதுகுக்குப் பின்னால் எங்களுக்காவது பாடிக் காட்டுங்கள் என்று லைனே கெஞ்சியது. அவர் அசையவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

எதற்கு இந்தப் பிடிவாதம் என்று ஒருமுறை சண்டைக்கே போனேன். அப்போதுதான் சொன்னார். கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் விரிஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்தில் மேடையேறியிருக்கிறார். பொண்ணுக்குச் சித்தப்பா ஒருத்தர் திக்கித் திக்கிப் பேசுவாராம். அவரைப் போலப் பேசிக் காட்டியதில் மண்டபமே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. பாட்டை முடித்துவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குப் போனால், ஒரு இலைக்கு முன்னால் ஆள் இல்லை. "பரிமாறின சோறு அப்படியே இருந்துச்சும்மா. தொடவே இல்ல. அவருதான் எழுந்து போய்ட்டாருன்னு பரிமாறறவன் சொன்னான்" என்றார்.  அப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதன் பிறகும் அவர் மேடையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடியாத்தம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று கல்யாணம், காது குத்து, கிறிஸ்மஸ் விழா எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுவார். மாப்பிள்ளையின் மாமாவோ பெண்ணின் அத்தையோ, யாரைக் கிண்டல் பண்ணப் போகிறாரோ அவரைத் தேடிப் பிடித்து, சமையல்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பாடிக் காட்டுவார். அண்டாவுக்கும் குண்டானுக்கும் நடுவில் பெரிய மனுஷர்கள் நின்றுகொண்டு தங்களைப் பற்றிய பாட்டைத் தாங்களே கேட்டுச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களே முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து, "இப்ப என்னோடது வரும் பாருங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்கள். அந்த மாதிரி ஒரு மனுஷருக்குத்தான் நான் துரோகம் செய்தேன்.

எங்கள் லைனில் அஞ்சாம் நம்பர் மெஷின் ஷமீம் அக்காவுடையது. கணவர் இல்லை, இரண்டு பெண்கள். அக்காவிடம் ஒரு வித்தை உண்டு. ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கிவிடும். அரை நிமிஷம், ஒரு நிமிஷம். ஆனால் தையல் ஒரு நூல்கூட விலகாது. நான் சாட்சி. அக்கா தைத்ததில் நான் ஸ்டிக்கர் ஒட்டியதே கிடையாது. அண்ணன் இதைப் பார்த்துவிட்டு ஒரு தாலாட்டுப் போட்டார். அக்காவுக்கு இல்லை, மெஷினுக்கு.

ஆராரோ ஆரிரரோ அஞ்சாம் நம்பர் மெஷினே
அக்கா கொஞ்சம் கண்ணசந்தா அழுவாத கண்மணியே
சூப்பர்வைசர் வர்றாரு சத்தம் மட்டும் போட்டு வையி
ஜோடி நூறு ஆகுமுன்னே சொக்கிட்டாங்க நீயே தையி

சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் பாடிக் காட்டினார். நான் வழக்கம் போல போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த டிபன் பாக்ஸ் ஆடியது மட்டும் இல்லை, கவிழ்ந்தே போனது. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பாடச் சொன்னார். அதையும் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் சொன்னார்.

"ரொம்ப நல்லா இருக்குதுப்பா. ஆனா வெளிய வேணாம். வீட்ல வேற கம்பெனிக்கு கையில தைக்கற வேல எடுக்கறேன், அதான் இங்க கண்ணு சொக்குது. தெரிஞ்சா பேஜாராயிடும். நம்ம மூணு பேரோட இருக்கட்டும்."

"சரிக்கா" என்றார் அண்ணன்.  நடந்து வரும்போது என்னிடம், "அத அழிச்சுடும்மா" என்றார். சாயங்காலம் கேட்டார். அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அழிக்கவில்லை. அவர் போட்டதிலேயே அதுதான் உசத்தி, எப்படி மனசு வரும்? இப்போது இப்படி எழுதும்போதே எனக்கு நானே சாக்குச் சொல்வது தெரிகிறது.

இரண்டு மாதம் கழித்துச் சென்னையில் ஒரு டி.வி. காமெடி நிகழ்ச்சியில் இருந்து சேனலுக்குச் செய்தி வந்தது. சேனலில் இருப்பதைப் பார்த்தோம், நன்றாக இருக்கிறது, புதிதாக ஒன்று போடுங்கள், திங்கட்கிழமைக்குள் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அண்ணனுக்கு நாற்பது வயது. மேடை மேடையாக அலைந்தவர். அந்தச் செய்தியை என்னை இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னார். அவரிடம் புதிதாக ஒரே ஒரு பாட்டுதான் இருந்தது, கேன்டீன்காரரைப் பற்றி. கேன்டீன்காரர் சிரிக்கவில்லை. "இல்லன்னா இல்லம்மா. நம்மளுது எங்க போயிடும்?" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் விட்டுவிட்டார். நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து தாலாட்டை எடுத்தேன். அக்கா முகம் தெரிகிற இடத்தை வெட்டினேன். பெயர் இல்லை, முகம் இல்லை, அண்ணன் மட்டும்தான். அஞ்சாம் நம்பர் மெஷின் என்றால் வெளியில் யாருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஊரே லைனில் உட்கார்ந்திருக்கிற ஊர் இது. இங்கே மெஷின் நம்பர்தான் ஆளுக்குப் பேர். பத்து வருஷம் செக்கிங் பார்த்தவளுக்கு இது தெரியாதா? அக்கா சிரித்தாரே, சிரித்தால் வெளியே விடலாம் என்பது அண்ணன் சட்டம்தானே என்று எனக்கு நானே வக்கீலாகவும் பேசிக்கொண்டேன். போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஏறினால் எல்லா போனிலும் அந்தத் தாலாட்டுதான். ஒருத்தி பாட, இன்னொருத்தி சூப்பர்வைசர் மாதிரி நடக்க, பஸ்ஸே சிரித்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்போது பின் சீட்டில் இருந்து ஒரு குரல், "அஞ்சாம் நம்பர்னா நம்ம ஷமீம் அக்காதானே?" என்றது.  உடனே வீடியோவைச் சேனலில் இருந்து நீக்கினேன். என்ன பிரயோஜனம்? போனுக்குப் போன் தாவி எங்கேயோ போய்விட்டது. டி.வி.க்காரர்களும் அதற்குள் பார்த்துவிட்டிருந்தார்கள்.

அந்த வாரம் ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களின் ஆடிட் வேறு இருந்தது. ஓடுகிற ஊசிக்கு முன்னால் தூங்குகிற ஆளை வைத்திருக்கிறார்கள் என்று வெளியே தெரிந்தால் ஆர்டரே போய்விடும் என்று மேலே பயந்தார்கள். பதினோரு மணிக்கு அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அக்கா திரும்பி வந்து டிபன் பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போனார். பதினாலு வருஷ வேலை, அன்றோடு போனது.

அப்புறம் அதே மேனேஜர் லைனுக்கு வந்து, யார் இதைப் போட்டது என்று கேட்டார். நான் மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் கட்டிங்கில் இருந்து வந்த அண்ணன், "நான்தான் சார். என் சேனலு" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ வேலையப் பாரும்மா" என்றார். நான் வேலையைப் பார்த்தேன். ஒரு அப்பரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. அதைத் தவிர வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அண்ணனை ஒரு மெமோவோடு விட்டுவிட்டார்கள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டி.வி.யில் இருந்து போன் வந்தது, அந்தத் தாலாட்டைத்தான் மேடையில் பாட வேண்டும் என்றார்கள். வேறு எது வேண்டுமானாலும் பாடுகிறேன், அது மட்டும் முடியாது என்றார். அவர்கள் அப்புறம் கூப்பிடவில்லை. சேனலை மூடிவிடு என்று என்னிடம் சொன்னார், மூடினேன். சைக்கிள் ஸ்டாண்டில் அவர் வந்து உட்கார்ந்தால் பெண்கள் டிபனை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள். நம்பிச் சிரித்தவளை நடுத்தெருவில் விட்டவன் என்று அவர் காதுபடவே பேசினார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிடுவதும் நின்றது. அதையெல்லாம் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு மாதத்தில் கணக்கை முடித்துக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டார்.

அதற்கு அப்புறம் ஆறு வருஷம். இப்போது அந்த லைனுக்கு நான்தான் சூப்பர்வைசர். அஞ்சாம் நம்பரில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், நன்றாகத்தான் தைக்கிறாள். அந்தப் பக்கம் போகும்போது மட்டும் நான் வேகமாக நடந்துவிடுவேன்.

போன தை மாதம் ஆம்பூர் மார்க்கெட்டில் ஷமீம் அக்காவைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தது உண்மை. அக்காதான் கூப்பிட்டு நலம் விசாரித்தார். பெரிய பெண்ணுக்கு நிக்காஹ் முடிந்ததாம், தான் வீட்டிலேயே தைப்பதாகச் சொன்னார். கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்த கையைப் பார்த்துக்கொண்டே, தாலாட்டைப் போட்டது நான்தான் என்று சொன்னேன். அக்கா பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும். அவரு வெளிய விடறதுன்னா முன்னாடி எங்கிட்ட வந்து நிப்பாரு. வரல. அப்புறம் யாரு? மூணு பேருதானே இருந்தோம்?" என்றார். பையை மூடினார். "நீ வருவேன்னு ரொம்ப நாளு பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

அண்ணன் ஆற்காட்டைத் தாண்டிக் கலவை என்கிற ஊரில் மச்சானுடைய உரக்கடையில் இருப்பதாக அக்காதான் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலூர் போய், ஆற்காடு போய், பஸ் மாறி மாறிக் கலவையில் இறங்கினேன். கடையில் அவர் மட்டும்தான் இருந்தார். தலை நரைத்திருந்தது. "வாம்மா" என்றார், நேற்றுப் பார்த்தவர் மாதிரி. பக்கத்துக் கடையில் இருந்து கலர் சோடா வாங்கி வந்து கையில் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்ததையெல்லாம் மறந்துவிட்டு ஏதேதோ உளறினேன். மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் நாலைந்து தடவை சொன்னேன். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார்.

இப்போது பாடுகிறாரா என்று கேட்டேன்.

"போடறது உண்டும்மா. பாடிக் காட்டறதுதான் இல்ல. சரின்னு சிரிச்சுட்டு, அப்புறம் அவங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா? புதுசா ஒருத்தர் முன்னாடி போய் நிக்கவே பயமா இருக்குது" என்றார். பயம் என்று அவர் வாயில் இருந்து நான் கேட்டதே இல்லை. மேனேஜர் ரூமுக்குக் கீபோர்டோடு போன மனுஷர் அவர். அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

என் கையில் இருந்த காலி பாட்டிலை வாங்கி வைத்தார். "உன்னப் பத்தி ஒண்ணு இருக்குது. கேக்கறியா?" என்றார்.

உள்ளே போய்க் கீபோர்டை எடுத்து வந்து உர மூட்டை மேல் வைத்தார். அக்காவுக்கு வேலை போன அந்த வாரமே கட்டியதாம். பாடினார்.

செக்கிங்கு அம்மா செக்கிங்கு செருப்புல குத்தம் பாப்பாங்க
நூலு ஒண்ணு பிரிஞ்சாலும் நூறு தடவ கேப்பாங்க
ஊருல உள்ள தப்புக்கெல்லாம் ஸ்டிக்கரு ஒட்டுவாங்க
தன்னோடது வந்துச்சுன்னா பாஸுன்னு தள்ளுவாங்க

நடுவில் நிறுத்தி, மூக்கைச் சுளித்து, "இன்னா தையல் இது? எடுத்துட்டுப் போ" என்று என் குரலிலேயே பேசினார். அச்சு அசல் நான். வேறு யாரைப் பற்றி இருந்தாலும் அந்த உர மூட்டைகள் மேல் விழுந்து புரண்டு சிரித்திருப்பேன். அந்த நாலு வரியை இங்கே எழுதிவிட்டேன். அது என்னைப் பற்றியது, அதற்காவது எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். ஆறு வருஷம் அதை அவர் ஒருத்தரிடமும் பாடவில்லை. பாடியிருந்தால், போட்டது யாரென்று ஆம்பூருக்கே அன்றைக்கே விளங்கியிருக்கும். சைக்கிள் ஸ்டாண்டில் அவரை விட்டு யாரும் எழுந்து போயிருக்க மாட்டார்கள். முதலில் கேட்க வேண்டிய ஆள் நான், நான் இன்னும் கேட்கவில்லை என்பதற்காக அதைத் தன்னோடு வைத்திருந்திருக்கிறார்.

பாட்டை முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சிரிக்க முயற்சி செய்தேன். வாய் கோணியது, அழுகைதான் வந்தது. துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்குதுண்ணா. வெளிய விடுங்க. நம்ம லைன்ல எல்லாரும் கேக்கட்டும், நானே போடறேன்" என்றேன்.

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"நீ சிரிக்கலையேம்மா" என்று சொல்லிவிட்டுக் கீபோர்டை அணைத்து உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.